மூத்த மகனை யாரும் விசாரிக்கவில்லை

நுவாக்ஷூத் சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் தெஸ்லெம், ஒரே மாதத்தில் ஐம்பதாயிரம் சொற்களில் நாவல் எழுதும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். பாதி மாதத்திலேயே கதை படுத்துவிட்டது. அன்றைய சொற்கணக்கை எப்படியாவது ஒப்பேற்ற வேண்டுமே! இரண்டு கிழவர்களை வழியில் சந்திக்க விட்டாள். எங்கள் பாலைவன ஊரில் ஆடு, ஒட்டகம், கூடாரம், மழை, மக்கள் என்று எல்லாவற்றையும் விசாரித்த பிறகுதானே பேச்சே தொடங்கும்? பக்கம் பக்கமாக விசாரித்தார்கள்.

அதைப் பக்கத்துக் கடை எம்பார்க்காவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"வெக்கமா இல்லையாடி? ஒட்டகத்துக்குச் சளி பிடிச்சிருக்கான்னுகூடக் கேக்க வச்சிருக்க!" என்று சிரித்த எம்பார்க்கா, தேநீர் ஊற்றுவதைச் சட்டென்று நிறுத்தினாள். "ஆமா, இந்தக் கிழவன் அந்தக் கிழவனோட கடைக்குட்டி வரைக்கும் கேட்டானே, மூத்த பையனை மட்டும் ஏன் கேக்கல?"

தெஸ்லெம் மறந்துதான் போயிருந்தாள். ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"அதை எவனாவது மறப்பானா?" என்றாள் எம்பார்க்கா. " அந்தப் பையனை இவன் ஏதோ பண்ணியிருக்கான். சொல்லுடி!"

"நாளைக்கு வா, சொல்றேன்."

தெஸ்லெமுக்கே தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் அன்று எழுத உட்கார்ந்தாள். அதன்பின் அவளை யாரும் உந்தித்தள்ள வேண்டியிருக்கவில்லை. மாதம் முடியுமுன்பே ஐம்பதாயிரத்தைத் தாண்டினாள். போட்டித் தோழிகள் கடைக்கே வந்து குலவையிட்டார்கள்.

"அதான் ஜெயிச்சாச்சே, இனிமே பேனாவைக் கீழ வை!" என்றாள் ஒருத்தி.

"வச்சா கையை ஒடிச்சிடுவேன்," என்றாள் எம்பார்க்கா. "அந்தப் பையன் இன்னும் வீடு வந்து சேரல."