எலும்புக்கூடுகளுக்கு ரிலீவர்

இன்று மதியம் கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த மின்சார ரயிலில், எதிர் சீட்டில் மூன்று பேர் ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டு வந்தார்கள்.

ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு வீரனாக இறங்கும் ஆட்டம். சண்டையைப் பகடை தீர்க்கும். ரயில் குலுக்கலில் உருண்டு ஓடாமல் இருக்க, பகடையை டிபன் பாக்ஸ் மூடிக்குள் போட்டார்கள்.

கதை சொன்னவர் மெர்சி. தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் வேலை.

"கோட்டை வாசல்ல நாலு எலும்புக்கூடு வாளோட நிக்குது. இன்னா பண்ற பாபுண்ணா?"

பாபு செக்யூரிட்டி சீருடையில் இருந்தார். மாதக்கணக்கில் அவர் வளர்த்த வீரனுக்கு இன்னும் ஓர் அடி விழுந்தால் கதை முடிந்தது.

"யாரு நிக்கச் சொன்னது?"

"ராஜா. அவன் எப்பவோ செத்துட்டான். இதுங்க மட்டும் நின்னுக்கினே இருக்குது."

பாபு பகடையைத் தொடவில்லை.

"பாவம், ரிலீவர் வரல. 'டூட்டி மாத்த வந்துக்கிறேன், நீங்க ஊட்டுக்குப் போங்க'ன்னு சொல்றேன்."

மெர்சி யோசித்தார். பிறகு மூடியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"வாள கீழ வெச்சிட்டு நாலும் போயிடுச்சு."

என் இத்தனை வருடச் செய்தியாளர் வேலையில் இவ்வளவு சுமுகமாக முடிந்த பேச்சுவார்த்தையை நான் பார்த்ததில்லை.

மூன்றாமவர் சேகர் விடவில்லை. "அப்ப இனிமே நீதான்ணா நிக்கணும். உன் ரிலீவர் வர்ற வரைக்கும் நகரக் கூடாது."

"அது நியாயம்" என்றார் மெர்சி.

"பழக்கந்தான்" என்றார் பாபு.

நான் இறங்கும்போதும் அவருடைய வீரன் வாசலில்தான் நின்றான். அவனை டூட்டி மாற்றிவிட விருப்பமுள்ளவர்கள் கமெண்டில் பெயர் கொடுங்கள்.