இல்லாத துகளுக்குக் கிடைத்த வேலை

இந்த ஜெர்மன் ஊரில் காலையில் யாரும் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதில்லை. எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் அதற்கு நேரமும் இல்லை. வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்து, அன்று உலகமெங்கும் வெளியான கட்டுரைகளைக் கடைசியிலிருந்து படிப்போம். கடைசியில்தானே மேற்கோள் பட்டியல் இருக்கிறது. அதில் நம் பெயர் இருந்தால் நல்ல கட்டுரை. இல்லாவிட்டால் எழுதியவருக்கு இயற்பியல் தெரியாது. உடனே அவருக்குப் பணிவாக ஒரு மின்னஞ்சல் போகும். 'தங்கள் அருமையான கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன். எங்களுடைய பழைய கட்டுரை தங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.' இதைப் பிச்சை என்று யாரும் சொல்வதில்லை. துகள் இயற்பியலில் இது மரபு.

ஆம்பூர்க்காரனான எனக்கு இந்த மரபைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் என் அக்காவின் கல்யாணப் பத்திரிகையை, தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த என் பெரியப்பாவும் கடைசியிலிருந்துதான் படித்தார். மாப்பிள்ளை யார், எந்தச் சர்ச் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரிசையில் அவர் பெயர் விட்டுப்போயிருந்தது. "கார்டுல பேரு இல்லாதவனுக்குப் பந்தியில இன்னா வேலை?" என்றார். மறுபடி அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கும்வரை எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. பெரியப்பா முகத்துக்கு நேரே கேட்டார்; நாங்கள் படித்து மகிழ்ந்து கேட்கிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

எனக்கு இங்கே இரண்டிரண்டு வருட ஒப்பந்தம். மனைவி கிரேஸ் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "நெலையான வேலைன்னு ஒண்ணு வரட்டும், நானும் பாப்பாவும் வந்துட்றோம்" என்று சொல்லியிருந்தாள். நிலையான வேலைக்கு மேற்கோள் வேண்டும். ஆக, என் குடும்பம் ஒன்றுசேர்வது முன்பின் தெரியாதவர்களின் கட்டுரைக் கடைசிப் பக்கங்களில் இருந்தது.

அப்போதுதான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இதுவரை காணாத துகள் ஒன்றின் சாடை தெரிவதாகச் செய்தி வந்தது. பந்தியில் இடம் பிடிக்கிறவர்கள்போலக் கோட்பாட்டாளர்கள் எல்லோரும் ஓடினோம். அந்தத் துகள் ஏன் இருந்தே தீர வேண்டும் என்று இரண்டே வாரத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். முந்திக்கொண்டதால், பின்னால் வந்தவர்கள் எல்லோரும் என்னை மேற்கோள் காட்ட வேண்டியதாயிற்று. சில மாதங்களில் கூடுதல் தரவு வந்தது, சாடை மறைந்தது. துகள் இல்லை. மேற்கோள்கள் மட்டும் இருந்தன, கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் வழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. வருடக்கணக்கில் உட்கார்ந்து பிழையில்லாமல் செய்த என் இன்னொரு கணக்கை மேற்கோள் காட்டியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் நான்.

நிலையான வேலை ஒன்றுக்கான நேர்காணலில் தேர்வுக்குழுத் தலைவர் அந்தத் துகள் கட்டுரையின் தாக்கத்தைப் புகழ்ந்துகொண்டே போனார். மனசு கேட்காமல், "அது தப்பு" என்றேன். அவர் சிரித்து, "உங்கள் நாட்டுத் தன்னடக்கம் எனக்குப் பிடிக்கும்" என்றார். வேலை கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த கிரேஸிடம் போனில் "கெடச்சிடுச்சு" என்றேன்.

"அந்தத் துகள் கெடச்சிடுச்சாங்க?"

"இல்ல. வேலைதான் கெடச்சிது."

"எனக்கு இங்க வார்டு இன்சார்ஜ் போட்டுட்டாங்க. எப்டிச் சொல்றதுன்னு பேஜாரா இருந்தது. இல்லாத ஒண்ண வெச்சி நீங்க வேலை வாங்கிட்டீங்க. இங்க வார்டு நெறைய நெஜமாவே படுத்துனு இருக்காங்க. நான் எப்டிங்க வுட்டுட்டு வர்றது?"

மற்றவர்களின் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அழுகைதான் வந்தது.

வேலை உறுதியானதும் அவசரப்பட்டு மூன்று அறை வீடு ஒன்றைப் பிடித்திருந்தேன். இந்த ஊர் வழக்கப்படி வாசல் மணிக்குப் பக்கத்தில் மூவர் பெயரையும் ஒட்டியிருந்தேன். போன வாரம் சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண்மணி ஃப்ராவ் கெலர் மணியடித்து, பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, "உங்கள் மனைவியைப் பார்த்ததே இல்லையே" என்றார். வேலூரில் டியூட்டியில் இருக்கிறாள் என்றேன். அவர் பக்கத்து ஊர் என்று நினைத்திருக்க வேண்டும். "பாவம், களைத்து வருவார். வந்ததும் கொடுங்கள்" என்று சொல்லி, ஒரு தட்டில் கேக்கை நீட்டினார். மூன்று துண்டுகள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.