அம்மனின் வாய்

காசியம்மாளின் மகள் தேவகி நாலு வயதாகியும் பேசவில்லை. சங்கராபுரத்துக்கு மேற்கே அவர்கள் ஊர்ப் பழைய சிவன் கோயிலின் வெளிமூலையில், இரண்டடி உயரத்தில் ஒரு கல் அம்மன் உண்டு. அதற்கு உப்பு கொட்டினால் பிள்ளைக்கு வாய் வரும் என்றாள் ஒருத்தி. சொன்னவள் அந்த வருஷமே செத்துப்போனாள். காசியம்மாள் மட்டும் விடவில்லை. களையெடுக்கும் கூலி வேலைக்கு நடுவே, வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, காலடியில் இரண்டு கை கல்லுப்பு கொட்டினாள். வீட்டுக் கஞ்சியில் உப்பில்லாத நாளிலும் அங்கே குறைத்ததில்லை.

பதினாறு வருஷம் போயிற்று. தேவகி பேசவில்லை.

எண்பத்துநாலில் கோயிலைப் பார்க்க வந்த தொல்லியல் அதிகாரி அம்மனின் கன்னத்தைத் தொட்டார். மாவாக உதிர்ந்தது. மூக்கும் வாயும் ஏற்கெனவே இல்லை.

"யாரும்மா இங்க உப்பு கொட்டறது?"

"நான்தாங்க. காலாண்டதான கொட்டறேன், மூஞ்சி இன்னாத்துக்குங்க போவுது?"

"உப்புத்தண்ணி கல்லுக்குள்ள மேல ஏறும்மா. காயற எடத்துல உப்பு உறைஞ்சி, உள்ள இருந்தே கல்ல உடைச்சிடும்."

காசியம்மாள் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். பிறகு அம்மனிடம் திரும்பிக் கத்தினாள்.

"வாய் இருந்தப்பவே 'போதும்டி'ன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"