ஈரத் துண்டும் வெல்வெட் இருக்கையும்

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் வசித்துவரும், அகவை எழுபத்தொன்று நிறைந்த, மா. சிதம்பரநாதன் ஆகிய நான், திரையரங்க மேலாளர் என்னும் பதவியைப் பற்றி முதலில் ஒன்று கூறிவிடுகிறேன்: இருட்டில் ஊரார் செய்வதற்கெல்லாம் வெளிச்சத்தில் பதில் சொல்ல வேண்டியவனுக்கே அப்பெயர். இதே தொழிலில் நொந்து கிடக்கும் அன்பர்களே, என் கோபம் உங்களுக்காவது புரியும்.

சென்ற அருவி சீசனுக்கு முன்பு எங்கள் முதலாளி, ரெக்சின் கிழிந்த பழைய இருக்கைகளை அகற்றிவிட்டுச் சிவப்பு வெல்வெட் போர்த்திய இருக்கைகளை இறக்கினார். கையோடு, ரப்பர்ப் படகில் காட்டாற்றோடு போய் வனத்தில் சிக்கித் தவிப்போரின் கதைகளாகப் பார்த்து, தமிழில் பேசவைத்த அயல்நாட்டுப் படங்களையும் வரவழைத்தார். அருவியில் நனைந்து வருகிறவனுக்கு மேலும் தண்ணீரைக் காட்டுவானேன் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "சீசன்ல வாரவன் தண்ணியத் தேடித்தான வாரான், அண்ணாச்சி? அதையே காட்டுவோம். ஆனா ஒண்ணு, சீட்டு பாழாச்சுன்னா நீங்க வீட்ல இருந்துக்கிடுங்க."

எண்ணெய்த் தலை

முதல் வாரமே வினை வந்தது. ஐந்தருவியில் எண்ணெய் தேய்ப்பவரிடம் உடம்பைக் கொடுத்துவிட்டு, பேருக்கு அருவியில் தலையைக் காட்டிவிட்டு, இடுப்பில் ஈரத் துண்டோடு மாலைக் காட்சிக்கு வந்து அமர்ந்தார் ஒரு பெரிய மனிதர். டார்ச் அடித்துப் பார்த்தேன். அவர் தலை சாய்த்திருந்த இடத்தில், வெல்வெட்டின்மீது, ஊத்தப்பம் அளவுக்கு ஓர் எண்ணெய் வட்டம்!

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "ஐயா, இது இருக்கையா, படித்துறையா?" என்று உரக்கவே கேட்டேன். திரையில் அப்போது படகு கவிழ்ந்து கதாநாயகன் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தான். பெரிய மனிதர் அவனைச் சுட்டிக்காட்டிச் சொன்னார்: "அவன் இம்புட்டு நேரமா தண்ணிக்குள்ளயே கெடக்கான், அவன ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய. என் துண்டுதான் ஒங்க கண்ண உறுத்துதோ?"

மூட்டையை எறியாதே

ஒரு ஞாயிறன்று பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் சுமை தூக்கும் தோழர்கள் கூட்டமாக வந்தார்கள். படத்தில் படகு பாரம் தாங்காமல் ஆடியது. கதாநாயகன் சோற்று மூட்டைகளை ஒவ்வொன்றாக ஆற்றில் வீசத் தொடங்கினான். மூட்டையை வீசுவதைப் பார்த்துக்கொண்டு அவர்கள் எப்படிச் சும்மா இருப்பார்கள்? ஒருவர் சேற்றுக் காலோடு இருக்கைமீதே ஏறி நின்றுவிட்டார். "ஏலே, எறியாதலே! நடுவுல போட்டு அதுமேல உக்காருலே!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். அரங்கில் பாதிப்பேர் எறி என்றார்கள். பாதிப்பேர் எறியாதே என்றார்கள்.

கீழே இறங்கும்படி அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவருக்கு என் பேரன் வயதுதான் இருக்கும். என்னைத் திரும்பிக்கூடப் பாராமல் சொன்னார்: "சும்மா இரும் வே! அங்கன நாலு உசுரு போவுது, நீரு சீட்டப் பத்திப் பேசுதீரு!"

புழுவும் புரோட்டாவும்

காட்டில் வழி தவறிய ஒருத்தி, பசி பொறுக்காமல் மரப்பட்டையைப் பெயர்த்துப் புழுவை எடுத்து உண்ணும் காட்சி. அவ்வேளையில் அரங்கம் முழுவதும் சால்னா மணந்தது. வெளியூர்க் குடும்பம் ஒன்று மடியில் இலையை விரித்துப் புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தது. சால்னாப் பொட்டலம் ஒன்று கைநழுவி, எந்த வெல்வெட்டை நான் நாள்தோறும் துடைத்தேனோ அந்த வெல்வெட்டில் வழிந்தது. வெளிப் பண்டத்துக்கு இங்கு அனுமதி இல்லை என்று இரைந்தேன். குடும்பத் தலைவி விரலை நக்கியபடி சொன்னார்: "அவ புழுவத் திங்கும்போது நாங்க வெறும் வாயோட உக்காந்திருந்தா நல்லாவா சார் இருக்கும்?"

என் பலகை

பொறுமை இழந்தேன். "ஈர உடையினர் உட்புகுதல் அறவே தடைசெய்யப்பட்டுள்ளது" என்று நானே சொற்களைத் தேர்ந்து, பலகை எழுதி, வாயிலில் மாட்டினேன். மறுநாள் அத்தனை பேரும் உலர்ந்த உடையில் வந்தார்கள். எழுத்தின் வலிமையை எண்ணி என் நெஞ்சு நிமிர்ந்தது.

இடைவேளையில் விளக்கு எரிந்தது. காலியாயிருந்த இருக்கைகளின் முதுகிலெல்லாம் துண்டு, சேலை, பனியன், இன்னும் எழுதக்கூசும் உருப்படிகள் மின்விசிறிக் காற்றில் காய்ந்துகொண்டிருந்தன! வெல்வெட்டில் நீர் சொட்டியது. நான் போட்ட கூச்சலுக்கு, சேலையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஓர் ஆச்சி அமைதியாகச் சொன்னார்: "நனஞ்சத மடக்கிப் பையில வச்சா நாறும்லா? ஒங்க ஃபேனு சும்மாத்தான சுத்துது."

முதலாளியின் ஈரம்

செய்தி முதலாளியை எட்டியது. கறைகளைத் தடவிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமையோட நின்னுக்கிடுங்க, அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை, செங்கோட்டையிலிருந்து வந்த புதுச் சம்பந்தியோடு ஐந்தருவியில் குளித்துவிட்டு நேரே படம் பார்க்க வந்தார் அதே முதலாளி. வேட்டியில் நீர் சொட்ட, தலையில் எண்ணெய் மின்ன! நான் வாயிலில் கையைக் குறுக்கே நீட்டினேன்.

"அண்ணாச்சி, தியேட்டரே என்னுது."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இருக்கைக்குத் தெரியாது. காட்சி முடிகிறவரை மேலாளர் நான்தான்" என்றேன். நீட்டிய கையை எடுக்கவில்லை. பின்னால் நின்ற கூட்டம் விசிலடித்தது. முதலாளியின் முகம் அவர் வாங்கிப்போட்ட வெல்வெட்டைவிடச் சிவந்தது. சம்பந்தியோ விழுந்து விழுந்து சிரித்தார். "நியாயந்தான வே! ரெண்டு பிளாஸ்டிக் சேரக் கொண்டாரச் சொல்லும்" என்றார்.

கேன்டீனிலிருந்து நாற்காலிகள் வந்தன. திரைக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தில் போட்டு இருவரும் அமர்ந்தார்கள். அதைக் கண்டதும், ஈரத்தோடு வெளியே நின்றவர்கள் அனைவரும் தங்களுக்கும் "மொதலாளி சேரு" வேண்டுமென்று முண்டியடித்தார்கள். வெல்வெட்டைச் சீண்ட ஆளில்லை. அண்ணாந்து திரையில் ஓடிய ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, இடைவேளையில் என்னை விரலசைத்து அழைத்து, முகத்தைப் பாராமலே சொன்னார்: "நாளைக்கு வரும்போது முன் வரிச சீட்டக் கழட்ட ஆளக் கூட்டிட்டு வாங்க. பிளாஸ்டிக் சேரு போட எடம் பத்தாது போலுக்கு."

காட்டாற்றில் கவிழ்ந்த அத்தனை கதாநாயகர்களும் கரையேறிய பிறகு, அந்த அரங்கில் கடைசியாகக் கரையேறியவன் நான். அது நடந்த நாள், ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை.