வடகத்துக்கு அடியில் இருந்த கோவில்

யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் கடிகாரம் கொண்டுவந்தார்கள், கம்பளி கொண்டுவந்தார்கள். ராணுவ லாரி ஓட்டப் போயிருந்த என் மாமா ஆசியாக் கண்டத்தையே மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். வழுவழுப்பான துணியில் அச்சடித்த வரைபடம் அது. அதில் எங்கள் அரியலூர் இல்லை. அந்த அநியாயத்தை நானே மைப்பேனாவால் ஒரு புள்ளி வைத்துச் சரிசெய்தேன்.

மாமா அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். சாயங்காலம் துணியைப் பாயில் விரிப்போம். போன ஊர்களில் காதில் விழுந்த சொற்களை அவர் சொல்லுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு புளியங்கொட்டையை அந்தந்த ஊரில் வைப்பது என் உத்தியோகம். அரபுச் சீமையில், பஸ்ரா டீக்கடையில், சர்க்கரையை ஷக்கர் என்றார்களாம். அத்தனை தூரம் நடந்ததில் சொல் இளைத்துவிட்டது போலிருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். சீனி என்ற பெயரோ சீனாக்காரனைச் சொல்வது. ஆகவே ஒரே இனிப்புக்குக் கண்டத்தின் இரண்டு ஓரத்திலும் கொட்டை விழுந்தது. புளியைப் பஸ்ராவில் 'தமர் ஹிந்தி' என்பார்களாம், அதாவது இந்தியப் பேரீச்சை. ரோட்டோரம் உதிர்ந்து கிடக்கும் புளிக்கு இவ்வளவு மரியாதையா என்று அம்மாவே வாயைப் பிளந்தாள். சாவியும் ஜன்னலும் போர்த்துக்கீசியரோடு கப்பலில் வந்தவை. அவர்கள் நாடு துணியில் இல்லாததால் அந்த இரண்டு கொட்டைகளும் வெளியே பாயில் கிடக்கும்.

சிலுவையின் கொட்டை அதே அரபுச் சீமையில் மோசுல் பக்கம். மலையடிவாரக் கிராமம் ஒன்றில் நம்மைப் போல வேதக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கோவிலும் இருக்கிறது, சிலுவையை அவர்கள் 'ஸ்லீவா' என்கிறார்கள், நம் சொல்லே அந்தப் பாஷையிலிருந்து வந்ததுதானாம் என்று மாமா ஒரே ஒரு முறை சொன்னார். அந்தக் கொட்டையை நான் எவ்வளவு கவனமாக வைத்தாலும் விரலால் ஒரு நூல் அளவு தெற்கே தள்ளுவார். என் வேலையில் குறை சொல்ல அவருக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

மாமாவுக்கு வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்துகொண்டிருந்தன. அரபுச் சீமையில் வேதத்தை விட்டுவிட்டான் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். கடைசியாக வந்தது வரதராஜன்பேட்டைப் பக்கத்து உபதேசியார் மகள். ஏலாக்குறிச்சித் திருவிழாவில் அந்தப் பெண்ணைப் பார்த்ததிலிருந்து மாமா தலைக்கு எண்ணெய் தடவ ஆரம்பித்திருந்தார். இதுவும் போனால் கல்யாணப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

உபதேசியார் மாப்பிள்ளை பார்க்க வரும் நாளின் விருந்துக்கு வடகம் போடப் போய்த்தான் அம்மா அந்தக் காரியத்தைச் செய்தாள். வடகத் துணி கிழிந்து போயிருந்தது. ஆசியாவைக் கயிற்றுக்கட்டிலில் விரித்து, பர்மாவில் தொடங்கி துருக்கி வரைக்கும் வரிசையாகப் பிழிந்துவிட்டாள்.

"வழுவழுன்னு இருக்கே, ஒட்டாதுன்னு நெனச்சேன்டா" என்றாள். மாமா கோபித்துக்கொள்ளவில்லை. பின்பக்கம் தண்ணீர் தெளித்து எல்லாவற்றையும் உரித்தார். ஒன்றே ஒன்று மட்டும் வரமாட்டேன் என்றது. அது மோசுல் மேல் உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உபதேசியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். சம்பந்தம் முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அடுக்களையில் சாம்பாரும் வடகமும் காத்திருக்க, அவர் முன்னால் ஒரு செம்புத் தண்ணீர் மட்டும் இருந்தது.

"தம்பி வருஷக்கணக்கா அரபுச் சீமையில இருந்துருக்காரு" என்றார் உபதேசியார். "அங்க கோவில் ஏது, பூச ஏது? ஊர்ல நாலு விதமா பேசுறாங்க. நான் புள்ளைங்களுக்கு மந்திரம் சொல்லிக் குடுக்குறவன். கேக்காம இருக்க முடியலம்மா."

மாமா குனிந்து பாயின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அம்மா கதவோரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய்த் துணியை எடுத்துவந்து உபதேசியார் காலடியில் விரித்தேன்.

"இங்க கோவில் இருக்கு, தாத்தா."

"எங்க?"

"வடகத்துக்கு அடியில."

நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. அவருடைய செம்பிலிருந்தே தண்ணீரை எடுத்துத் தெளித்துச் சுரண்டினேன். வந்தது. வைக்க இடமில்லாமல் வாயில் போட்டுக்கொண்டேன்.

"நாம சிலுவைங்கறோம்ல, அத இங்க ஸ்லீவாங்கறாங்க. நம்ம சொல்லே இங்கேருந்து வந்ததுதான். மாமா இந்தக் கோவிலுக்குப் போயிருக்காங்க. போகாமயா இந்தச் சொல்லு தெரியும்?"

உபதேசியார் மாமாவைப் பார்த்தார். மாமா ஆமாம் என்று தலையாட்டினார். அந்தப் பெரிய மனுஷர் மெல்லப் பாயில் முழங்காலிட்டு, ஈரமான அந்த இடத்தை உற்றுப் பார்த்தார். "ஸ்லீவா" என்று தனக்குள் சொல்லிப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஆயுசு பூரா சொல்லிக்கிட்டிருக்கேன். எந்த ஊருச் சொல்லுன்னு இன்னைக்குத்தான் தெரியுது." பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "எலையப் போடும்மா. கை நனைச்சுட்டே போறோம்" என்றார்.

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். உபதேசியார் மனைவி என் கன்னத்தைக் கிள்ளி, "இந்த வாயாடி இருக்குற வூட்டுக்குக் கண்ண மூடிக்கிட்டுப் பொண்ணு குடுக்கலாம்" என்றார். ஆசியாவையே ஜெயித்த கெத்தில் நான் ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் கோவிலின் மேல் வைத்தேன். அந்த நேரத்திலும் மாமா குனிந்து அதை ஒரு நூல் தெற்கே தள்ளினார்.

"சரியாத்தான் மாமா வச்சுருக்கேன்!"

"இல்ல கண்ணு. இங்க."

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. வரைபடம் புதிதாக வந்த அத்தையின் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. நான் பிள்ளை பெற்றவளான பிறகுதான் அத்தை ஒருநாள் சொன்னாள். லாரியில் மாமாவோடு போன ஆண்டிமடத்துச் சிநேகிதன் வழியில் காய்ச்சலில் இறந்துபோனான். மோசுல் பக்கத்து அந்தக் கிராமத்துச் சாமியார்தான் கோவிலின் தெற்குச் சுவரோரம் புதைக்க இடம் கொடுத்தார். குழியை மூடி மரச் சிலுவையை நட்டபோதுதான் மாமா 'ஸ்லீவா' என்ற அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறார்.

வரைபடத்தில் ஒரு நூல் என்றால் தரையில் எத்தனையோ மைல் என்று அவரோடு சண்டை போட்டவள் நான். மாமாவுக்கு அது கோவில் வாசலிலிருந்து தெற்குச் சுவர் வரைக்கும் நடக்கிற தூரம்.