இடது கை வேடியப்பன்

அந்த எழுத்து என் கண்ணில் பட்டதற்குக் காரணம் பக்தி இல்லை, ஃபோகஸ் லைட் மாட்டியவரின் சோம்பேறித்தனம். எங்கள் ஊர் வேடியப்பன் கோயிலுக்குப் புதிதாக எல்.இ.டி. விளக்கு வாங்கினார்கள். ஏணி கிடைக்கவில்லை என்று அதைக் கம்பத்தில் கட்டாமல், கல்லுக்குப் பக்கத்திலேயே தரையில் சாய்த்து வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம், எண்ணெய் அபிஷேகம் முடிந்து மாலை போடுவதற்கு முன்னால், வெளிச்சம் பக்கவாட்டில் கல்லைத் தடவிக்கொண்டு போனது. வீரனின் தலைக்கு மேலே வரிசையாகக் கோடுகள், சுழிகள். மழை அரித்த தடத்துக்கு அவ்வளவு ஒழுங்கு வராது.

"அது எழுத்து" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"வாய மூடு, தீபாராதன காட்றாங்க" என்றாள் அம்மா.

பேரணாம்பட்டுப் பக்கம் இதுமாதிரிக் கற்கள் நிறைய. இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகைக் கல், அதில் ஆயுதத்தோடு ஒரு வீரன், அவன் காலடியில் ஒரு விலங்கு. ஏதோ சண்டையில் செத்தவனுக்கு நட்ட கல் என்று படித்தவர்கள் சொல்வார்கள். ஊரில் செத்தவன் என்று யாரும் சொல்வதில்லை; வேடியப்பன், சாமி, அவ்வளவுதான். அவன் யார், எதற்காகச் செத்தான் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்த விலங்கு பற்றி எல்லோருக்கும் கருத்து உண்டு. கோயில் கமிட்டி அதைப் புலி என்று முடிவுசெய்து, மஞ்சள் பெயிண்ட் அடித்துக் கறுப்புக் கோடு போட்டிருக்கிறது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அது நாய்தான். காது தொங்குகிறது, வால் சுருண்டு முதுகில் ஏறியிருக்கிறது. வால் சுருட்டும் புலியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. இதைச் சொல்லிப் பள்ளிக்கூடத்திலேயே அடி வாங்கியிருக்கிறேன்.

எழுத்தைப் படித்தால் விஷயம் தெரிந்துவிடும். ஆனால் அவகாசம் இரண்டே வாரம். அதற்குள் கல்லுக்குப் பித்தளைக் கவசம் வந்துவிடும் என்று பூசாரி சொன்னார். பூசாரிக்கும் எனக்கும் ஒரே ஃபேக்டரி, ஆம்பூரில் ஷூ கம்பெனி. நான் கம்ப்யூட்டரில் ஷூ டிசைன் வரையும் செக்‌ஷன். அவர் வாரநாட்களில், ஷூவின் முன்பக்கத் தோலை அச்சின் மேல் இழுத்து ஒட்டும் மெஷினில் நிற்பார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் பூசாரி. என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர்.

"கவசத்த எப்டிண்ணா நிறுத்துவீங்க?" என்று கேட்டேன்.

"ஒட்டிட வேண்டியதுதான். சோல் ஒட்ற சொல்யூஷன் இருக்குதில்ல? ஷூவே பிஞ்சாலும் பிய்யும், ஒட்டுன எடம் பிய்யாது."

"அப்ப கல்ல அப்புறம் பாக்கவே முடியாதா?"

"இன்னாத்துக்குப் பாக்கணும்? கவசத்துலயே மூஞ்சி வந்துடும், கத்தி வந்துடும், புலியும் வந்துடும். வேலூர் பட்டறையில டிசைன் குடுத்தாச்சு."

பித்தளையிலும் புலி என்றால் அது நிரந்தரப் புலி. மறுநாள் காலையில் மாலை கழற்றும் நேரத்தில் அரைமணி நேரம் கேட்டு வாங்கினேன். கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தால், எல்லாவற்றையும் ஒட்டி ஒரு முப்பரிமாணக் கல்லாகக் கொடுக்கும் ஆப் ஒன்று போனில் இருந்தது. நான் சுற்றியதைப் பார்த்து, தண்ணீர் பிடிக்க வந்த ஒரு அக்கா எனக்குக் கல்யாணப் பிரார்த்தனை என்று அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

வீட்டு லேப்டாப்பில் அந்த ஃபைல் திறக்கவே இல்லை. ஃபேக்டரியில், சாப்பாட்டு இடைவேளையில், ஷூ டிசைன் மென்பொருளில் போட்டேன். திறந்தது. பெயிண்ட்டை நீக்கிச் சாம்பல் நிறமாக்கி, வெளிச்சத்தை ஓரத்தில் வைத்ததும், இரண்டு வரி எழுத்து அப்படியே எழுந்து நின்றது. சோற்றை மறந்துவிட்டேன்.

பிறகு ஆரம்பித்தது பேஜார். வட்டெழுத்து, பிராமி, கிரந்தம் என்று இணையத்தில் கிடைத்த எல்லா எழுத்து அட்டவணைகளையும் பிரிண்ட் எடுத்து வைத்து ஒப்பிட்டேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. நான்கு இடைவேளை போனது. ஐந்தாம் நாள், இது உலகத்தில் யாரும் படிக்காத எழுத்து என்ற முடிவுக்கு வந்தேன். கூடவே இன்னொரு அதிசயம்: வீரன் இடது கையில் கத்தி ஓங்கியிருந்தான். பிறந்ததிலிருந்து பார்க்கிற சாமிதான். ஆனால் மாலைக்குள் கை எங்கே தெரிகிறது? நாய் நிற்கும் பக்கம் மாறியிருந்ததே, அதுகூடவா தெரியவில்லை என்று கேட்பீர்கள். தெரிந்தது. நான் எங்கே நின்று படம் எடுத்தேனோ, அதனால் இருக்கும் என்று தாண்டிப் போனேன். கண்டுபிடிக்கிற அவசரத்தில் இருப்பவர்களுக்கு நாய் ஒரு பொருட்டில்லை.

கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன்: "நம் வேடியப்பன் இடது கைக்காரர். கல்லில் இருப்பது இதுவரை யாரும் அறியாத எழுத்து." கும்பிடும் கைகள் வந்து குவிந்தன. கீழடிக்கும் முந்தியதா என்று ஒருவர் கேட்டார். சாமியே இடது கை என்றால் இனி என் பையன் இடது கையில் சாப்பிட்டால் அடிக்க மாட்டேன் என்று ஒரு அக்கா எழுதினாள். வாரா வாரம் கல்லைக் குளிப்பாட்டும் பூசாரியே, கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, உடனே வேலூர்ப் பட்டறைக்கு போன் போட்டு, கவசத்தில் கத்தியை இடது கைக்கு மாற்றச் சொல்லிவிட்டார்.

மறுநாள் பக்கத்து சிஸ்டத்தில் உட்காரும் தோழி என் திரையை எட்டிப் பார்த்தாள். பேரணாம்பட்டு பஸ்ஸில் தினமும் என்னோடு வருபவள்.

"இன்னாடி, உங்க சாமி லெஃப்டா?"

"ஆமா. ரொம்ப அபூர்வம்."

"ஃபைல எதுவா உள்ள எடுத்த?"

"லாஸ்ட்டாதான். வேற எதுலயும் தொறக்கல."

லாஸ்ட் என்றால் ஷூ தைக்கும் கால் அச்சு. அவள் வாயைப் பொத்திக்கொண்டு மேஜையில் கவிழ்ந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

"தோஸ்த், பையர் நமக்கு அனுப்புறது எந்தக் காலு?"

"ரைட்டு."

"நாம வேல செய்றது?"

"லெஃ..."

எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, அதாவது பையர், வலது கால் அச்சுதான் அனுப்பும். நாங்கள் இடது காலில் டிசைன் செய்வோம். அதனால் எங்கள் சிஸ்டத்தில் எந்த அச்சை உள்ளே எடுத்தாலும் தானாகவே கண்ணாடி பிம்பமாகத் திருப்பிக்கொள்ளும். தினமும் பத்து முறை நானே பார்க்கிற வேலை. வேடியப்பனை நான் இடது கால் ஷூ ஆக்கி வைத்திருந்தேன்.

ஒரு பட்டனைத் தட்டினாள். கத்தி வலது கைக்குப் போனது. உலகத்தில் யாரும் அறியாத எழுத்து, அட்டவணையில் மூன்றாம் பக்கத்தில் இருந்த வட்டெழுத்தாக மாறிவிட்டது. முதல் வரி பாதி தேய்ந்திருந்தது. இரண்டாம் வரியின் தொடக்கத்தில் 'நா' என்று எழுத்துக் கூட்டினேன். அடுத்த எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடைபோல அப்பியிருந்தது.

"நாய்" என்றேன்.

"நாடுன்னு இருக்கும். நாலு ஆடா இருக்கும். நீ சும்மா இரு" என்றாள்.

கவசம் ஒட்ட இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. டீ இடைவேளையில் பூசாரியைத் தேடிப் போனேன். நடந்ததைச் சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"கத்திய மாத்துன்னு நேத்துதான் பட்டறைக்காரங்கிட்ட சொன்னேன். இப்ப திரும்ப மாத்துன்னா அவன் இன்னா நெனைப்பான்?"

"நான் பேசுறேண்ணா."

"நீ பேசுனா சாமிக்கு மூணாவது கை மொளைக்கும்."

"ஒரு எழுத்துதாண்ணா பாக்கி. அந்தச் சுண்ணாம்பு போனா தெரிஞ்சிடும். ஒட்டிட்டா அப்புறம் எப்பவுமே தெரியாது."

அவர் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். பிறகு, "மொதல்ல குரூப்புல எழுது. தப்பு உன்னுதுன்னு எழுது. கம்ப்யூட்டர் மேல போடாத" என்றார்.

எழுதினேன். எழுதி அனுப்ப அரைமணி நேரம் ஆனது, இரண்டு முறை அழித்தேன். இந்த முறை கும்பிடும் கைகள் வரவில்லை, சிரிக்கும் மூஞ்சிகள் வந்தன. கீழடிக்காரர் குரூப்பை விட்டே போய்விட்டார். இடது கைப் பையனின் அம்மா, "அப்ப அடிக்கலாமா?" என்று கேட்டாள். கூடாது, அதற்கும் கல்லுக்கும் சம்பந்தமில்லை என்று தனியாகப் பதில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை கவசம் வந்தது. கத்தி வலது கையில். இடது உள்ளங்கையில் மட்டும், கத்தியைப் பற்றவைத்துப் பிறகு எடுத்துத் தேய்த்த ஒரு தழும்பு. பூசாரி சொல்யூஷன் டப்பாவைத் திறக்கவே இல்லை. ஒரு ஓரத்தில் கீல் வைத்து, இன்னொரு ஓரத்தில் பூட்ஸுக்குப் போடும் பெரிய பக்கிள் ஒன்றை மாட்டினார்.

"வருஷத்துக்கு ரெண்டு தபா தொறந்து கழுவணும்னு கமிட்டியில சொல்லிட்டேன். உன் பேச்ச எடுக்கல."

"தேங்க்ஸ்ண்ணா. ஏண்ணா மனசு மாறிட்டீங்க?"

"எனுக்கும் அந்த வாலு மேல கொஞ்சம் டவுட்டு இருக்குது" என்றார். உடனே குரலைத் தாழ்த்தி, "ஆனா புலிதான்" என்றார்.

ஆடி முதல் வெள்ளியில் முதல் திறப்பு. கம்பி பிரஷ் கூடாது, ஆசிட் கூடாது, தண்ணீரும் துணியும் மட்டும் என்று நிபந்தனை. சுண்ணாம்பு இளகினால், கல்லின் மேல் ஈரத்தாளை அழுத்தி ஒற்றி, மையைத் தட்டி எடுக்கும் மசிப்படி எடுக்கப் போகிறேன். அதை வேலூரில் கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகுதான் வாயைத் திறப்பேன். மசிப்படி எடுத்து எனக்குப் பழக்கமில்லை. எங்கள் பஸ் ஸ்டாப்பில் எழுத்து வெட்டிய பழைய மைல்கல் ஒன்று இருக்கிறது. தாளும் மையும் வாங்கியாயிற்று. இந்த ஞாயிற்றுக்கிழமை காலை அதில்தான் முதல் முயற்சி. தோழி வெயிலுக்குக் குடை பிடிக்க வருகிறேன் என்றிருக்கிறாள்.