மாந்தோப்பில் ஓடிய எங்கள் இஞ்சின்

கணவர் இறந்த மறுவருஷம், அவர் வாடகைக்கு ஓட்டிய பழைய டீசல் காரை விற்கப் பார்த்தேன். ஓசூர் ஆர்.டி.ஓ. ஆபீசில் சோதித்தவர், இஞ்சின் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். அதில் விழுந்த நம்பர் வேறு, ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது வேறு.

"திருட்டு இஞ்சினாம்மா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

அந்தக் காரைக் கடைசியாக ஜூஜுவாடி பட்டறைக்கு ரிப்பேருக்கு எடுத்துப்போனவன் என் கொழுந்தன். திரும்ப ஓட்டிவந்து வாசலில் நிறுத்தியபோது, படுக்கையில் கிடந்த கணவர், "இது நம்ம வண்டி சத்தமில்லயேடா" என்றார்.

"மாத்திரை தின்னு தின்னு உனக்குக் காது மந்தமாயிருச்சுண்ணா" என்றான் அவன். அதன்பின் அவர் வண்டிச் சத்தத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

அதே கோடையில்தான் நாகரசம்பட்டியில் அவன் மாந்தோப்புக்குத் தண்ணீர் இறைக்கக் கார் இஞ்சின் ஒன்று வந்தது. நேராக அங்கே கிளம்பினேன். நாலு வழிச் சாலை போடும் புழுதியில் பஸ் ஊர்ந்தது.

தோப்பில் நாலு சிலிண்டர் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில், விரிசலுக்குக் கணவர் பித்தளையை உருக்கிப் பற்றவைத்த மஞ்சள் தழும்பு. இஞ்சினை நிறுத்திவிட்டு, நானும் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். எங்கள் நம்பர்.

"படுத்துக் கெடக்கறவருக்கு எந்த இஞ்சின் இருந்தா என்ன அண்ணி? இங்க மரமாச்சும் பொழைச்சுது" என்றான், கொஞ்சமும் கூசாமல்.

கழற்றச் சொல்லி, வாடகை டெம்போவில் ஏற்றிக்கொண்டுதான் திரும்பினேன்.

இஞ்சினைத் திருடியதுகூட எனக்கு ஆறிப்போகும். சத்தத்தை வைத்தே வண்டியின் நோவைச் சொன்ன மனுஷன், தன் காதையே நம்பாமல் செத்துப்போனார். அது ஆறாது.